தேவையற்ற விளக்குகள்

எங்கள் ஊரான ஸ்டெய்ன்வேரில் ஒரு விளக்கை அணைப்பது அத்தனை எளிய செயலன்று என்பதை முதலிலேயே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். குளிர்காலத்தில் சூரியன் இரண்டு மாதம் எட்டிப் பாராத தீவு இது. கடலுக்குப் போன படகு திரும்பும்வரை அப்படகுக்குரிய வீட்டின் வாசல் விளக்கு எரிந்தாக வேண்டும். படகில்லாத வீட்டாரும் அண்டை வீட்டுப் படகுக்காக எரியவிடுவார்கள். பள்ளியில் கணக்குக் கற்பிக்கும் எனக்குப் படகும் இல்லை, கடலில் உறவினரும் இல்லை. ஆயினும் என் வாசலிலும் ஒரு விளக்கு எரிகிறது. ஏன் எரிகிறது என்று இதுவரை எவரும் கேட்டதில்லை. அணைத்தால் கேட்பார்கள்.

அந்த ஜனவரியில் சுன்னிவா ஒரு பெட்டியுடன் கப்பலிலிருந்து இறங்கினாள். அவள் இவ்வூர்ப் பெண்தான். தாய் குன்வோர், ‘ஹவெல்லா’ என்னும் மீன்படகின் தலைவி. தந்தை எய்லிஃப் முழங்கால் பழுதானபின் கரையிலேயே தங்கி, மனைவியின் வலைகளைப் பழுது பார்ப்பவர். சுன்னிவா நகரத்துப் பல்கலைக்கழகத்தில் துருவ ஒளியை, எங்கள் ஊர்ப்பேச்சில் வடக்கு வெளிச்சத்தை, ஆராய்ந்துவந்தாள். பெட்டியில் இருந்தது, ஒரே நொடியில் தொண்ணூறு படம் எடுக்கவல்ல கேமரா; வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து இரவலாக வந்தது. அதைப் பள்ளிக் கூரையில் நிறுத்துவதற்கு அவள் அனுமதி கேட்டாள். நான் சாவியைக் கொடுத்தேன், ஏணியையும் பிடித்துக்கொண்டேன்.

அவள் தேடிவந்தது என்னவென்பதை மீனிறக்கும் துறையின் காபி மேசையில்தான் நாங்கள் அறிந்தோம். சூரியன் திரும்பும் நாளுக்கென்று ஊரார் செய்யும் ஜாம் வைத்த பன்களை அவள் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தாள். தேடியது கிடைத்துவிட்டதாம். துறையின் மேலாளர் ஹால்கெய்ர் ஒரு பன்னை முழுதாக வாயிலிட்டபின் பேசத் தொடங்கினார்.

“எட்டு வருஷம் படிச்சு நீ கண்டுபிடிச்சது, வடக்கு வெளிச்சம் மினுக்குதுங்கிறதுதானா? இத எங்க வீட்டு ஆடு கூட பாத்திருக்கு.”

“உங்க ஆடு பாத்தது அது ஆடறத. நான் சொல்றது துடிக்கிறத. நொடிக்குப் பத்து தடவ, பளிச் பளிச்னு. எப்பவும் நடக்காது. வெளிச்சம் ரொம்பப் பிரகாசமா வர்றப்ப, சில நிமிஷம்தான்.”

“எதுக்குத் துடிக்குது?”

சுன்னிவா சன்னல் வழியே துறையைக் காட்டினாள். “படகிலேர்ந்து சரிவுத் தகரத்துல காட் மீன் கொட்றீங்களே, கடல் ஆடும்போது எப்படி விழுது? சீரா விழுதா?”

“அதெப்படி? படகு சாயும்போது ஒரு கொத்து. நிமிர்ந்தா ஒண்ணும் வராது. திரும்ப ஒரு கொத்து.”

“அதேதான். மேல, சில ஆயிரம் கிலோமீட்டர் உயரத்துலேர்ந்து எலெக்ட்ரான் கீழ கொட்டுது. அங்கயும் அலை இருக்கு. தண்ணி அலை இல்ல. மின்சாரமும் காந்தமும் சேர்ந்த அலை. அது ஆட்டற ஆட்டத்துல எலெக்ட்ரான் கொத்து கொத்தா வந்து விழுது. விழற எடத்துல காத்து ஒளிருது. கொத்து வந்தா பளிச், அடுத்த கொத்து வரைக்கும் மங்கல்.”

“அப்போ எலெக்ட்ரான்தான் காட் மீனு.”

“ஆமா. ஆனா நமக்கு அந்தப் படகும் தெரியாது, கடலும் தெரியாது. மீன் விழற தாளம் மட்டும்தான் தெரியும். அத வச்சு, மேல எந்த மாதிரி அலைன்னு சொல்லணும். அதான் என் வேலை.”

“அத நான் கண்ண மூடிக்கிட்டே சொல்லுவேனே.”

“அதனாலதான் உங்களுக்குச் சட்டுனு புரிஞ்சுது. எங்க பேராசிரியருக்குப் புரியவைக்க ஒரு வாரமாச்சு.”

ஹால்கெய்ர் மகிழ்ச்சி மிகுதியால் இன்னொரு பன்னை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை சுன்னிவா பள்ளிக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது. பதிவை என்னிடம் காட்டினாள். வானத்தில் பச்சை ஒளி அழகாகத் துடித்தது. படத்தின் மூலையில் எங்கள் மலையின் பனி மூடிய சரிவும் தெரிந்தது. அதுவும் துடித்தது.

“மலைமேல எலெக்ட்ரான் விழாது,” என்றாள் அவள்.

துறையின் புதிய பெருவிளக்குதான் காரணம். வீட்டு மின்சாரத்தில் எரியும் அவ்வகை விளக்குகள் நம் கண்ணுக்குத் தெரியாமல் நொடிக்கு நூறு முறை துடிக்கின்றன. திரைப்படத்தில் விரைந்தோடும் வண்டியின் சக்கரம் மெல்லச் சுற்றுவதுபோல் தோன்றுமல்லவா, அதுபோல், தொண்ணூறு படம் எடுக்கும் கேமராவுக்கு அந்த நூறு வெறும் பத்தாகத் தோன்றியிருக்கிறது. அவள் கேமராவின் வேகத்தை மாற்றிப் பார்த்தாள். விளக்கின் துடிப்பு வேறொரு தாளத்துக்கு இடம்பெயர்ந்ததே தவிர, நீங்கவில்லை. துருவ ஒளியின் துடிப்போ மிக மெலிந்தது. ஊர்வெளிச்சம் பனியில் பட்டு எழும்பி அதை மூடிவிட்டது.

கேமரா சனிக்கிழமைக் கப்பலில் திரும்பிப் போக வேண்டும். அதற்குள் ஒரு தூய பதிவு கிடைக்காவிட்டால் அவளது ஆய்வை இந்தக் குளிர்காலத்தோடு மூடிவிடுவதாகப் பல்கலைக்கழகத்தில் முன்னரே சொல்லிவிட்டார்கள். இதை அவள் வேறு எவரிடமும் சொல்லவில்லை. ஏணிப்படியில் அமர்ந்து என்னிடம் மட்டும் சொன்னாள்.

அன்றே கடைவாசலில் ஓர் அறிவிப்பை ஒட்டினோம். “மாலை நேரங்களில் தேவையற்ற விளக்குகளை அணைத்து உதவுக” என்று அவள் எழுதினாள். “அன்புகூர்ந்து” என்ற சொல்லை நான் சேர்த்தேன். ஊரார் அனைவரும் அதைப் படித்தார்கள். நல்ல யோசனை என்று பாராட்டினார்கள். அன்று மாலை ஒரு விளக்குகூட அணையவில்லை. எவரையும் குறைகூற இயலாது. எங்கள் ஊரில் தேவையற்ற விளக்கு என்று ஒன்று இருப்பதாக எவருக்கும் தோன்றியிருக்கவில்லை. படகுக் கொட்டகையில் எரியும் விளக்கு தேவையானது. ஆட்டுப்பட்டியில் எரிவதும் தேவையானது. எனக்கும் அப்படித்தான், அறிவிப்பை ஒட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பியபோது என் வாசல் விளக்கின் வெளிச்சத்தில்தான் சாவியைத் தேடினேன்.

இதில் வேறொரு சிக்கலும் இருந்தது. வானம் தெளிந்திருந்தால் படகுகள் கடலுக்குப் போய்விடும். படகு கடலில் இருந்தால் விளக்கு அணையாது. படகுகள் கரையில் இருக்கும் நாளிலோ வானம் முழுதும் மேகமாக இருக்கும். காட் மீன் பெருகிவரும் பருவத்தில் தெளிந்த நாளொன்றை எந்த மீனவரும் வீணாக்குவதில்லை.

வியாழக்கிழமை அந்தச் சிக்கல் சற்றே தளர்ந்தது. மறுநாள் புயல் என்று வானிலை அறிவிப்பு வந்ததால் படகுகள் பிற்பகலிலேயே ஒவ்வொன்றாகத் திரும்பின. வானத்தில் ஒரு துணுக்கு மேகமும் இல்லை. ஐந்து மணிக்கு ஒரே ஒரு படகுதான் வெளியே இருந்தது. அது ஹவெல்லா. வலை நிறைந்து பாரம் மிகுந்ததால் மெல்ல வந்துகொண்டிருப்பதாகக் குன்வோர் தெரிவித்திருந்தாள்.

சுன்னிவா துறைக்கு ஓடினாள். ஹால்கெய்ர் தலையைச் சொறிந்தார்.

“ஹவெல்லா வர்ற வரைக்கும் என் ஆளுங்க சும்மா காபிதான் குடிக்கிறாங்க. காபிய இருட்டுலயும் குடிக்கலாம். அணைக்கிறேன். ஆனா உங்கப்பா வீட்டு விளக்கு எரியறப்ப நான் மட்டும் எப்படி அணைப்பேன்? ஊர்ல தலை காட்ட முடியுமா?”

நான் மேட்டுத்தெரு வீடுகளுக்குப் போனேன். கதவைத் தட்டி இடையூறு செய்வதற்கு மன்னிப்புக் கேட்டு, வந்த காரியத்தைச் சொல்வதற்குள் பெரும்பாலோர் உள்ளே வந்து கோட்டைக் கழற்றச் சொன்னார்கள். மறுமொழி எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

“குன்வோர் இன்னும் வரலையே வாத்தியாரே. எய்லிஃப் அணைச்சாருன்னா நாங்களும் அணைக்கிறோம்.”

ஆகவே இருவரும் எய்லிஃபின் வீட்டுக்குச் சென்றோம். அவர் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

“முடியாது,” என்றார், நாங்கள் கேட்பதற்கு முன்பே. யாரோ தொலைபேசியில் சொல்லியிருக்க வேண்டும்.

“அப்பா, அம்மாகிட்ட ரேடார் இருக்கு. கடல் வரைபடம் திரையில ஓடுது. உன் விளக்கப் பாத்தா அம்மா வர்றா?”

“இல்ல.”

“பின்ன?”

“அவ பாக்கறாளோ இல்லையோ, நான் போடறேன். கல்யாணமான நாள்லேர்ந்து போடறேன். முதல்ல என் படகுக்கு அவ போட்டா. இப்ப அவ படகுக்கு நான் போடறேன்.”

“நாளைக்குப் புயல். நாளான்னிக்கு கேமரா கப்பலேறிடும். இன்னிக்கு விட்டா எட்டு வருஷ வேலை போச்சுப்பா.”

எய்லிஃபின் கையிலிருந்த கத்தி நின்றது. இத்தனை பெரிய செய்தி என்று அவர் அறிந்திருக்கவில்லை.

“இத ஏன் முதல்லயே சொல்லல?”

“சொன்னா நீ தூங்கமாட்ட.”

“விளக்க அணைக்க மட்டும் சொல்லாதம்மா. கை வராது. வேற என்ன வேணும்னாலும் கேளு.”

சுன்னிவா சமையலறையில் இங்குமங்கும் நடந்தாள். சன்னலருகே போய் நின்றாள். முற்றத்தில் பனியில் பாதி புதைந்து பழைய டிராக்டர் நின்றது. அவள் திரும்பியபோது முகம் மாறியிருந்தது.

“அப்பா, டிராக்டர் பாட்டரி உயிரோட இருக்கா?”

“இருக்காவா? உன்னவிட நல்லா இருக்கு.”

“உன் பழைய படகோட விளக்கு? உள்ள கம்பி சிவக்குமே, அது?”

“கொட்டகையில தொங்குது.”

“சுவத்துலேர்ந்து வர்ற மின்சாரம் நொடிக்கு அம்பது தடவ முன்னும் பின்னும் ஆடுது. அதனாலதான் விளக்கு துடிக்குது. பாட்டரியில ஆட்டமே கிடையாது, ஒரே பக்கமா ஓடும். எனக்கு ஊர் இருட்டா இருக்கணும். எரியற ஒண்ணு துடிக்காம இருக்கணும், பள்ளிக்கூடம் பக்கம் திரும்பாம இருக்கணும். அவ்வளவுதான். உன் விளக்கு எரியட்டும்.”

எய்லிஃப் எழுந்த வேகத்தில் உருளைக்கிழங்குகள் தரையில் உருண்டன. முழங்கால் வலியை அன்று அவர் எங்கே வைத்தார் என்று தெரியவில்லை. பாட்டரியை நானும் அவரும் சுமந்தோம். பழைய படகுவிளக்கைத் தகரக் கூண்டோடு வாசல் தூணில் கட்டி, அதன் முகத்தைக் கடலை நோக்கித் திருப்பினார். ஒயரைத் தொட்டதும் மஞ்சளாய், சற்றே சோம்பலாய், அது எரிந்தது.

“அப்போ இதுல எலெக்ட்ரானுக்குக் கடல் அமைதியா இருக்கு,” என்றார்.

“ஆமாப்பா. அலையே இல்ல.”

“கரையோரமா வலை வீசிட்டு வீட்டுக்கு வந்து தூங்கற சோம்பேறிப் படகு மாதிரி. ஹால்கெய்ரோட தம்பி மாதிரி.”

அதன்பின் அவரே சுவரருகே போய், தம் வாசல் விளக்கின் பொத்தானில் விரலை வைத்தார். ஒரு கணம் தயங்கினார். அழுத்தினார்.

மேட்டுத்தெருவில் அடுத்தடுத்த வீடுகள் அணைந்தன. எல்லோரும் சன்னலோரம் நின்று அவருடைய வாசலைத்தான் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். கடைசியாகத் துறையின் பெருவிளக்கு அணைந்தபோது ஊர் முழுவதும் ஒருமுறை மூச்சை இழுத்ததுபோல் இருந்தது. நட்சத்திரங்கள் தலைக்கு மேல் மிகத் தாழ்ந்து இறங்கின. பிள்ளைகள் வெளியே ஓடிவந்தார்கள். பெரியவர்கள் நாற்காலியும் கம்பளியும் ஃபிளாஸ்கும் கொண்டுவந்து பனியில் அமர்ந்தார்கள். என் விளக்கை அணைக்க மறந்திருந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் நினைவூட்டினார். நாணத்துடன் ஓடிப்போய் அணைத்தேன்.

பள்ளிக் கூரையில் சுன்னிவாவும் நானும் கேமராவின் இருபுறமும் நின்றோம். அவள் கையில் படகு ரேடியோ ஒன்று இருந்தது. நீரிணைக்கு அப்பால் பச்சை நிறத்தில் ஒரு வளைவு தோன்றி, மெல்ல உயர்ந்து, தடித்து, ஒளிகூடியது. “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்,” என்று அவள் அதனோடு பேசிக்கொண்டிருந்தாள்.

அப்போது முனையைச் சுற்றிக்கொண்டு ஹவெல்லா வந்தது. மேல்தளம் முழுதும் வெள்ளை வெளேரென்று விளக்குகள். கடல்மேல் தவழ்ந்த பனிப்புகையில் அந்த வெளிச்சம் பரவி, கேமராவின் திரையிலிருந்த வானம் பாலாய் வெளுத்துப்போனது. ரேடியோ கரகரத்தது.

“ஹவெல்லா பேசறேன். ஊர் எங்க போச்சு?”

“வித்துட்டோம் குன்வோர்,” என்றது ஹால்கெய்ரின் குரல். “நல்ல வெலைக்குப் போச்சு.”

“உன்னயும் சேத்து வித்தாங்களா, இல்ல உன்ன வாங்க ஆள் வரலயா?”

சுன்னிவா இடைமறித்தாள். “அம்மா, நான்தான். மேல்தள விளக்க அணைக்க முடியுமா? வடக்கு வெளிச்சம் இப்ப ஏறுது. இதுக்கப்புறம் எனக்கு வேற நாள் இல்லம்மா.”

“மீன் அறுத்துக்கிட்டிருக்கோம்டீ. எல்லார் கையிலயும் கத்தி. இருட்டுல ஒரு விரல் போச்சுன்னா அதயும் எலெக்ட்ரான் கணக்குல சேப்பியா?”

“கத்திய கீழ வைக்கச் சொல்லும்மா. கொஞ்ச நேரம்தான்.”

சுன்னிவா ரேடியோவைக் காதோடு சேர்த்துப் பிடித்தாள். மேலே பச்சை வளைவின் அடிவிளிம்பு கூசும் அளவுக்கு ஒளிர்ந்தது. குன்வோரின் குரல் திரும்ப வந்தபோது சற்றுத் தணிந்திருந்தது.

“பாறைக்கு நேரா ஒண்ணு மஞ்சளா எரியுதே, அது யாரு?”

“அப்பா.”

“அப்ப சரி. அது போதும்.”

மேல்தள விளக்குகள் அணைந்தன. படகின் இருபுறத்துச் சிவப்பும் பச்சையுமான சிறு புள்ளிகள் மட்டும் மிஞ்சின. அவை எய்லிஃபின் மஞ்சள் விளக்கை நோக்கி நேராக நகர்ந்தன.

வானம் அப்போது துடித்தது. வெறுங்கண்ணாலேயே கண்டேன். நீருக்கடியில் மீன்கூட்டம் ஒருசேரத் திரும்பும்போது வயிறுகள் மினுங்குவதுபோல், ஒளியின் உள்ளே சிறு சிறு திட்டுகள் பளிச்சிட்டு மறைந்து, பக்கத்தில் மறுபடி பளிச்சிட்டன. எண்ண முயன்றேன், எண்ணுவதற்குள் கடந்தன. கணக்கு ஆசிரியனாகிய எனக்கு அந்தத் தோல்வி இன்பமாகவே இருந்தது. கீழே பனியில் அமர்ந்திருந்தவர்களில் யாரோ சிரிக்கத் தொடங்கினார். காரணமின்றி அந்தச் சிரிப்பு வரிசை முழுதும் பரவியது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் எந்தக் கடல் கொந்தளித்ததோ, அதன் மீன்மழையை ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு வளைவு சிதறி, வானமெங்கும் அமைதியான பச்சைப் புகையாகப் படிந்தது. சுன்னிவா மடிக்கணினியைத் திறந்து பதிவை ஓட்டினாள். நான் முதலில் பார்த்தது படத்தின் மூலையை. மலைச்சரிவு கரியாக, அசைவற்று இருந்தது.

“மலையில விழலயே,” என்றேன்.

“விழல. வானத்துல மட்டும்தான்.” அவள் திரையின் ஓரிடத்தைத் தொட்டாள். “கடிகாரம் மாதிரி இல்ல, பாருங்க. இங்க நொடிக்கு எட்டு, இங்க பதினொண்ணு. இந்தப் புள்ளி சுத்துது. இது பக்கத்துலயே இன்னொண்ணு எதிர்ப்பக்கமா சுத்துது.” கூரைப்பனியிலேயே அமர்ந்து, கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று எண்ணித் தேற்ற முனைந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

ரேடியோவில், “முடிஞ்சுதும்மா, எல்லாரும் விளக்கப் போடலாம்,” என்றாள்.

நாங்கள் துறைக்கு இறங்கியபோது பெருவிளக்கு எரிந்தது. ஹவெல்லா கயிறு கட்டிக்கொண்டிருந்தது. நீர்மட்டத்துக்கு வெகு அருகில் அமிழ்ந்திருந்தது படகு. குன்வோர் ரப்பர் உடையோடு ஏணியில் ஏறிவந்து, மகளை மீன்நாற்றத்துடன் அணைத்துக்கொண்டாள்.

“கெடச்சுதா?”

“கெடச்சுது.”

“எவ்வளவு?”

“நாலு நிமிஷம்.”

குன்வோர் துறையில் கூடியிருந்த ஊரையும், நிரம்பித் தளும்பும் தன் படகையும் பார்த்தாள். “ஊரயே இருட்டுல உக்காரவச்சு நாலு நிமிஷமா? என் வலை எவ்வளவோ பரவால்ல.”

“அந்த நாலு நிமிஷத்த அறுத்து முடிக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆகும்மா.”

“ஆகட்டும். முதல்ல இத அறுத்து முடி.” மேல்தளத்தில் அறுபடாமல் குவிந்திருந்த மீனைக் காட்டினாள். “உனக்காகத்தான் நிறுத்தினோம். பசங்க கை விறைச்சுப்போச்சு. ஏறு படகுல.”

சுன்னிவா தன் நகரத்துக் கோட்டை என்னிடம் தந்துவிட்டு, யாருடையதோ ஒரு ரப்பர் உடையை மாட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினாள். கோட்டுடன் நின்ற என்னைக் குன்வோர் ஏற இறங்கப் பார்த்தாள்.

“வாத்தியாரே, நீங்களும்தானே கூரைமேல நின்னீங்க?”

மறுப்பது மரியாதையாகத் தோன்றவில்லை. கோட்டை ஹால்கெய்ரிடம் ஒப்படைத்துவிட்டு நானும் இறங்கினேன். சுன்னிவா ஒரு கத்தியை என் பக்கம் கைப்பிடியாகத் திருப்பி நீட்டினாள். மேல்தள விளக்கின் வெளிச்சத்தில் ஆளுக்கொரு மீனை எடுத்துக்கொண்டோம்.